இஃப்பத் கையில் நேராகச் சுட்ட துப்பாக்கி

இலக்குத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்த மைதீன் பிச்சை, அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல இரண்டு எட்டு தள்ளியே நின்றார். மரியசெல்வி தரையிலிருந்து எழுந்து முழங்கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டாள்.

"என்னண்ணே, தாளுக்கு வெளியவே போயிருச்சா?"

"வெளிய போனாக்கூட ஒரே பக்கமாப் போச்சுன்னு சொல்லலாம் தாயி. இது கோழிக்கு அரிசி எறிஞ்ச மாதிரில்ல கெடக்கு."

விரித்துப் பார்த்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. நடுவில் ஒன்று, இடது ஓரத்தில் இரண்டு, கீழே ஒன்று, எதிலும் சேராமல் மேலே ஒன்று. புதிதாக வந்த ஆள் சுட்டால் இப்படி இருக்கும். மரியசெல்வி புதிய ஆள் இல்லை. இதே சுடுதளத்தில், இதே துப்பாக்கியால், ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற அளவுக்குக் குண்டுகளைச் சேர்த்து வைத்தவள். மண்டலப் போலீஸ் போட்டியில் பழைய ரைபிள் பிரிவில் இரண்டாவதாக வந்தவள். அதற்குப் பிறகு வயிற்றில் பிள்ளை உண்டானது, விடுப்பு, பிரசவம். இப்போது லிடியா தவழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா மறுபடியும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சிறுமலை அடிவாரத்துச் சுடுதளத்தில் முதல் தாளோடு நிற்கிறாள்.

த்ரீ நாட் த்ரீ என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பழைய பட்டாளத்து ரைபிள்கள் பணியிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. படைப்பிரிவில் மிச்சமிருந்த சிலவற்றை மரியாதைக் குண்டு வெடிக்கவும் அந்த ஒரு போட்டிக்காகவும் மட்டும் வைத்திருந்தார்கள். மரியசெல்வியுடையதன் மரக்கட்டை மற்றவற்றைவிடக் கருத்தது. அதனால் ‘கருப்பு’ என்றே அதற்குப் பேர். ஆயுத அறையைப் பார்த்துக்கொண்ட ஏட்டு மைதீன் பிச்சை, அவள் விடுப்பில் போன நாளில், "நீ வர்ற வரைக்கும் கருப்பை நான் கண்ணு மாதிரி பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பொன்னழகு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"அவசரப்படாதம்மா. புள்ள பெத்த ஒடம்பு. தேறி வர நாளாகும்."

"சரிங்கய்யா."

"ஆனா போட்டிக்கு ஒருத்தர் பேரத்தான் அனுப்ப முடியும். அதையும் மனசுல வச்சுக்க."

அவர் கடிந்து சொல்லவில்லை. அதனாலேயே அது உறுத்தியது. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாமே. இரவில் குழந்தை எத்தனை தரம் எழுப்புகிறது என்பதை அவள் எண்ணுவதையே விட்டுவிட்டாள். இடுப்பில் தூக்கித் தூக்கித் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பால் கட்டிய மார்போடு குப்புறப் படுத்துச் சுடுவது என்ன பாடு என்பதை இன்ஸ்பெக்டரிடம் சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கிக் குதிரையை இழுக்கிற விரலும், குழல் நுனியில் நிற்கிற முன்குறியைப் பார்க்கிற கண்ணும், மூச்சை நிறுத்துகிற நொடியும் அவளுக்குப் பழையபடியேதான் இருந்தன. அவள் அப்படித்தான் நினைத்தாள். நினைப்பது சரிதானா என்பதைத்தான் சொல்ல ஆளில்லை.

மைதீன் பிச்சைக்குத் தோட்டா மேல் சந்தேகம். "பெட்டியில பல வருசத்துச் சரக்கு கலந்து கெடக்கு. ஒண்ணு வேகமாப் போகும், ஒண்ணு நொண்டும்" என்றார். தோட்டாக்களின் அடியில் பொறித்திருந்த ஆண்டைப் பார்த்துப் பார்த்து ஒரே ஆண்டுத் தோட்டாவாகப் பொறுக்கிக் கொடுத்தார். மறுநாள் மரியசெல்வி சுட்டாள். கோழிக்கு அரிசி எறிந்தது எறிந்தபடியே இருந்தது.

அடுத்து குழல் மேல் சந்தேகம் வந்தது. உள்ளே செம்பு படிந்திருந்தால் குண்டு தடம் மாறும் என்றார். கடுப்பேற்றும் வாடை அடிக்கிற மருந்தை ஊற்றி, துணியைக் கம்பியில் சுற்றி இழுத்தார்கள். துணி பச்சையும் நீலமுமாக வந்தது. இரண்டு பேரும் கிணறு தூர்வாரி ஊற்றுக் கண்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் இழுத்தார்கள். குழல் வாயில் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்து, "தேய்மானம் இல்ல, வாயிலயும் அடிபடல, புதுப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

அன்று மரியசெல்விக்கு முழங்கை தோல் உரிந்து எரிந்தது. அதனால் மணல் மூட்டையை முன்னால் போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டாள். தாளைப் பார்த்ததும் அவளுக்கே நம்ப முடியவில்லை. நடுவில் ஒரு பூப் போல எல்லாக் குண்டும் சேர்ந்திருந்தன.

"செம்புதான்! நான் சொல்லல?" மைதீன் பிச்சை தொடையில் தட்டிக்கொண்டார்.

மரியசெல்வி வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்து நிலையத்துப் பக்கம் இறங்கி அரைக்கிலோ அல்வா வாங்கினாள். வடமதுரையை அடுத்த ஊரில் அவள் வீடு. புருஷன் பிரான்சிஸ் பூ மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறவன். விடியும் முன்னே தோட்டம் தோட்டமாகப் போய் மல்லிகை மூட்டை ஏற்றி, திண்டுக்கல்லில் இறக்கிவிட்டு, வெயில் ஏறும்போது வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் பணிக்குப் போகும் நேரம் முழுக்கக் குழந்தை அவனிடம்தான்.

"என்ன விசேசம், அல்வாவெல்லாம்?"

"குண்டு சேந்துருச்சு."

அவன் ஒரு விள்ளல் அல்வாவைக் குழந்தையின் உதட்டில் தடவினான். "அப்ப மூணு நாளு போட்டிக்குப் போயிருவ."

"போவேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை அவனிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு இருக்க வேண்டும். போகத்தானே இத்தனை பாடு? பிறகு ஏன் இப்படி இருக்கிறது? அவளுக்கே பிடிபடவில்லை.

மறுநாள் மூட்டையை எடுத்துவிட்டாள். போட்டியில் மூட்டை கிடையாது. துப்பாக்கியின் வாரை இடது கையில் சுற்றி இறுக்கி, பட்டாளத்துக்காரர்கள் படுக்கிற மாதிரி படுத்து, அந்த வாரின் இழுப்பிலேயே துப்பாக்கியை அசையாமல் நிறுத்தி, எப்போதும் போலச் சுட்டாள். தாள் வந்தது. பூ உதிர்ந்திருந்தது. பழையபடி இடம் வலம் இல்லாமல் சிதறிக் கிடந்தது.

மைதீன் பிச்சை துப்பாக்கியை வாங்கினார். முன்குறியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், ஆடவில்லை. அடியிலிருந்த திருகுகளை முறுக்கிப் பார்த்தார், எல்லாம் இறுக்கம். போல்ட்டைக் கழற்றி மாட்டினார். கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "நேத்து சுட்டதும் இதுதானா? மாத்தி எதையும் எடுத்துட்டு வந்துட்டமா?" என்று நம்பரைப் படித்துப் பார்த்தார். அதே நம்பர்தான்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "இஃப்பத்து, நீ கருப்பச் சுடு பாப்பம்."

இஃப்பத் பேகம்பூர்க்காரி. மரியசெல்விக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவள், அவளிடம் பிரியமானவள். மரியசெல்வி இல்லாத காலத்தில் கருப்பை அவள்தான் சுட்டுப் பழகியிருந்தாள். பின்பு மரியசெல்வி திரும்பியதும், கேட்பதற்கு முன்னாலேயே கருப்பைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டவள். இப்போது தயங்கித் தயங்கி வந்து படுத்தாள். சுட்டாள். தாள் வந்தது.

அவ்வளவும் ஒரே இடத்தில். உள்ளங்கையை விரித்தால் மூடிவிடலாம்.

தூரத்தில் புளியமரத்துப் பக்கம் மயில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. இஃப்பத் எழுந்து மரியசெல்வியின் முகத்தைப் பார்க்காமல் துப்பாக்கியை நீட்டினாள். மரியசெல்வி அதை வாங்கிக்கொண்டாள். காது மடல் சூடாகியது. துப்பாக்கியில் குற்றமில்லை என்று ஊரறிய நிரூபணம் ஆகிவிட்டது. அப்படியானால் மிச்சமிருப்பது அவள்தான்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துக்கம்மா."

"ஐயா, ஒரே ஒரு தடவ. இஃப்பத்தோட துப்பாக்கிய நான் சுட்டுப் பாக்குறேன்."

எதற்காகக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ரோசமாக இருக்கலாம். இஃப்பத்தின் ரைபிளை வாங்கி, வாரை இறுக்கி, மூச்சை அடக்கிச் சுட்டாள். முடித்ததும் எழுந்திருக்காமல் மண்ணிலேயே முகத்தை வைத்துக் கிடந்தாள். மைதீன் பிச்சையின் பூட்ஸ் சத்தம் வேகவேகமாகப் பக்கத்தில் வந்தது.

"தாயி, எந்திரி. எந்திரிச்சுப் பாரு."

பூப் போலச் சேர்ந்திருந்தது. சொல்லப் போனால் இஃப்பத் சுட்டதைவிட நெருக்கமாக.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் வெயிலுக்கு நேராகப் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். "துப்பாக்கியும் நல்லாருக்கு. ஆளும் நல்லாருக்கு. அப்பறம் என்னதான்யா கோளாறு?" என்று பொதுவாகக் கேட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது பிரான்சிஸ் சிரித்தான். "ரெண்டு பேரும் தனித்தனியா நல்லவங்க, சேந்தா ஆகலையாக்கும். சில புருசன் பொண்டாட்டி அப்படித்தான்."

"எனக்கு எரியுது, ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"அதையே வாங்கிச் சுடேன், இஃப்பத்தோடத."

"அது இஃப்பத்து பேர்ல எழுதிருக்கு. நான் அதப் பறிச்சுட்டுக் கருப்ப அவகிட்டக் குடுத்தா, நல்லாவா இருக்கும்? அதுவும் போக..."

"அதுவும் போக?"

அவள் நிறுத்திக்கொண்டாள். அதுவும் போக, எனக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இதைச் சொன்னால் புரியும்தான். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, அதை அவள் அவனிடம் மட்டுமில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சிதறிய தாளைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வெட்கத்தோடு சேர்ந்து ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. நான் லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் பிள்ளையை விட்டுப் போக வேண்டாமே. அந்த நிம்மதியைக் கண்டுதான் அவளுக்குப் பயம். ஒருவேளை கை அதற்காகவே பிசகுகிறதா? மனசு தனக்குத் தெரியாமல் விரலை ஆட்டிவிடுமா? அப்படியானால் இஃப்பத்தின் துப்பாக்கியில் ஏன் ஆட்டவில்லை? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது. குழந்தை அழுதது, எழுந்து போனாள்.

அதற்கப்புறம் அவள் புத்தி போகக் கூடாத பக்கம் போனது. கருப்பு இத்தனை மாதம் இருந்தது யார் கையில்? இஃப்பத் கையில். யாருக்கு மட்டும் சரியாகச் சுடுகிறது? இஃப்பத்துக்கு. போட்டிக்குப் போக ஆள் மாறினால் யார் போவார்கள்? இதை நினைத்த மாத்திரத்தில் ச்சே என்று தோன்றியது. தோன்றினாலும் நினைப்பு போகவில்லை.

அடுத்த நாள் ஆயுத அறை வராந்தாவில் இஃப்பத் தனியாக உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மரியசெல்வி பக்கத்தில் போய் நின்றாள்.

"இஃப்பத்து, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்காத."

"கேளுங்கக்கா."

"நான் இல்லாதப்ப கருப்புல எதையும் மாத்துனியா? குறியத் தட்டுறது, திருகுறது, இப்படி? எங்கிட்டச் சொல்லாம..."

துணி நின்றது. இஃப்பத் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் முதலில் வந்தது கோபமில்லை, புரியாமைதான். பிறகுதான் கோபம் வந்தது.

"முன்குறிய ஒரு மயிரெழ நகத்துனோம். மைதீண்ணே தான் நகத்துனாரு, எல்லாரும் இருக்கும்போது. அவரக் கேளுங்க. என்னக்கா நீங்க? ஒங்க எடத்துக்கு நான் ஆசப்பட்டிருந்தா, நீங்க வந்த அன்னைக்கே துப்பாக்கியத் தூக்கிக் குடுத்துருப்பனா?"

"நான் அப்படிச் சொல்லல புள்ள..."

"அப்படித்தான் சொல்றீங்க. நான் என்ன பெரிய வித்தையா செஞ்சேன்? ஒங்க மாதிரி எனக்குச் சுடக்கூடத் தெரியாது. நீங்க வாரைச் சுத்தி இறுக்கிப் படுத்தா செலை மாதிரி இருக்கீங்க. நான் இறுக்குனா கை மரத்துப் போயி வெரலே வெளங்காமப் போயிருது. சின்னதுல ஒடஞ்ச கை. சும்மா தொங்கவிட்டுட்டு, ஏதோ கையில தாங்கிக்கிட்டுச் சுடுறேன். எனக்குப் போயி..."

"என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"வாரை நீ சுத்துறதே இல்லையா?"

"இல்ல. நீங்க பாத்ததில்லையா?"

மரியசெல்வி பார்த்ததில்லை. அன்று இஃப்பத் சுடும்போது எல்லோருடைய கண்ணும் இலக்கின்மேல் இருந்தது, அல்லது மரியசெல்வியின் முகத்தின்மேல். தொங்குகிற வாரை யார் பார்த்தார்கள்? அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். மணல் மூட்டை வைத்துச் சுட்ட அன்றும் அவள் வாரைச் சுற்றவில்லை. அன்று பூப் போலச் சேர்ந்தது. வாரைச் சுற்றிய நாளெல்லாம் சிதறியது. ஆனால் இஃப்பத்தின் துப்பாக்கியில் வாரைச் சுற்றித்தானே சுட்டாள்? அதில் சேர்ந்ததே. முன்னாலெல்லாம் கருப்பிலும் வாரைச் சுற்றித்தானே சுட்டாள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வார், இதே இறுக்கம்.

பாதி தெரிந்தது போலவும் இருந்தது, முழுசாகக் குழம்பியது போலவும் இருந்தது.

"இஃப்பத்து, கோவப்படு, பரவால்ல. கோவத்தோடயே இங்க வா. கருப்ப எடுத்துட்டு வா."

இஃப்பத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய் எடுத்து வந்தாள். தோட்டா இல்லை என்று இருவரும் திறந்து பார்த்துக்கொண்டார்கள். மரியசெல்வி தரையில் உட்கார்ந்து கருப்பின் மூக்குப் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவந்தாள். அந்தக் காலத்து ரைபிளுக்குக் குழலின் நீளம் முழுக்க மரக்கட்டை போர்த்தியிருக்கும். குழலின் வாய் மட்டும்தான் முன்னால் எட்டிப் பார்க்கும். அந்த வாயைச் சுற்றி மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. குழல் கட்டைக்குள் தன் போக்கில் அதிர்வதற்கான இடம். அவள் சட்டைப் பையைத் துழாவினாள். காலையில் டவுன் பஸ்ஸில் கொடுத்த மகளிர் இலவசச் சீட்டு வந்தது. அதை நீளவாக்கில் மடித்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே வலது பக்கம் செருகினாள். தடையில்லாமல் உள்ளே போனது, வெளியே வந்தது.

"இப்ப நீ வாரைப் பிடிச்சு இழு. நான் கையில சுத்துனா எம்புட்டு இறுக்குவனோ அம்புட்டு இறுக்கு."

இஃப்பத் இழுத்தாள். மரியசெல்வி சீட்டை அசைத்தாள். அசையவில்லை. பிடித்த இடத்தில் கிழிந்துவிடும் போல நின்றது.

"விடு."

விட்டாள். சீட்டு தானாகவே நழுவி விழுந்தது.

"மறுபடி இழு."

மறுபடி பிடித்துக்கொண்டது. இஃப்பத் கோபத்தை மறந்துபோய் வாயைப் பிளந்தாள். "அக்கா, கட்டை நகருது!"

அவளுடைய ரைபிளையும் எடுத்து வந்து அதையே செய்து பார்த்தார்கள். எவ்வளவு இழுத்தாலும் சீட்டு வழுக்கிக்கொண்டு போய் வந்தது. மரியசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "மைதீண்ணே!" என்று வராந்தா அதிரக் கூப்பிட்டாள்.

மைதீன் பிச்சை வந்து, சீட்டை வாங்கி, மூன்று தடவை தானே செய்து பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே மேசைமேல் சாக்கை விரித்துக் கருப்பைப் படுக்கவைத்தார். பூண்களைக் கழற்றி, திருகுகளைக் கழற்றி, முன்கட்டையைக் குழலிலிருந்து பிரித்தார். பாதி நீளத்தில், குழலைக் கட்டையோடு இழுத்துப் பிடித்து நடுவில் நிறுத்துகிற ஒரு சின்னப் பூணும் அதற்கடியில் ஒரு சுருள்வில்லும் இருக்க வேண்டும். பூண் இருந்தது, அதன் திருகும் இருந்தது. வில் இல்லை. கட்டையின் பின்பகுதி குழலோடு கவ்வுகிற இடத்திலும் மரம் காய்ந்து சுருங்கி நகம் நுழைகிற சந்து விழுந்திருந்தது.

"அடியில திருகு இறுக்கமாத்தான இருந்துச்சு..." என்றார் மைதீன் பிச்சை, யாரிடம் என்றில்லாமல். "திருகு இறுக்கமா இருந்தா எல்லாம் இறுக்கமா இருக்குன்னு நெனச்சுட்டனே."

"வில்லு எங்கண்ணே போச்சு?" என்றாள் இஃப்பத்.

"போன கோடையில எல்லாத்தையும் வெளியூர்ப் பட்டறைக்கு அனுப்பி, கட்டைக்கு எண்ணெய் குடுத்து வாங்குனோம். அங்க விழுந்துச்சா, அதுக்கு முன்னாடி இங்கயே விழுந்துச்சா, ஆண்டவனுக்குத்தான் தெரியும். இது இல்லாததால, வாரு இழுக்குற பக்கம் கட்டை போகுது. கட்டை போயி கொழல ஒரு பக்கமா நெருக்குது. நீ ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சு விடுறப்ப இழுப்பு கூடுது, கொறையுது. அதுக்குத் தக்கன குண்டு போகுது." அவர் மரியசெல்வியைப் பார்த்தார். "ஒம்மேல ஒண்ணுமில்ல தாயி."

இத்தனை நாள் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தாள். வந்ததும் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை. முதலில் செய்ய வேண்டியது வேறு என்று தோன்றியது. இஃப்பத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்டது தப்பு."

இஃப்பத் துணியை மடித்து வைத்தாள். "தப்புதான்" என்றாள். பிறகு, "நான் கோவத்துல கத்தலைன்னா இது தெரிஞ்சுருக்காதுல்ல" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மரியசெல்வியும் அதைக் கேட்கவில்லை.

உதவாது என்று ஒதுக்கிப் போட்டிருந்த ரைபிள் ஒன்றிலிருந்து வில்லை எடுத்துப் போட்டார் மைதீன் பிச்சை. சந்து விழுந்த இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு வெட்டி வைத்து, எல்லாவற்றையும் பூட்டினார். வாரை எவ்வளவு இழுத்தாலும் இப்போது சீட்டு தாராளமாகப் போய் வந்தது.

இன்ஸ்பெக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, ரெண்டு பேரும் கருப்பையே சுடுங்க. யாரோடது நல்லா வருதோ அவங்க போகட்டும். மனசுல ஒண்ணும் வச்சுக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் மரியசெல்வி முதலில் படுத்தாள். பழகிப் பார்க்கக் கொடுத்த இரண்டு குண்டும் நடுவுக்கு வலது பக்கம் தள்ளி விழுந்தன. இன்னும் என்ன? பிறகு இரண்டும் ஒட்டி ஒட்டி விழுந்திருப்பதைக் கவனித்தாள். சிதறல் இல்லை, தள்ளல்தான். வில் இல்லாத கட்டைக்குத் தோதாக முன்குறியை நகர்த்தியிருந்தார்கள். இப்போது கட்டை சரியாகிவிட்டது, குறி பழைய இடத்தில் நிற்கிறது. இடது பக்கம் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்தாள். மிச்சக் குண்டுகள் நடுவில் போய்ச் சேர்ந்தன.

எழுந்து வரும்போது இஃப்பத் எதிரே வந்தாள். அவளுக்குப் பழகிப் பார்க்கக் குண்டு இல்லை, இருந்தது அவ்வளவுதான் என்று மைதீன் பிச்சை சொல்லியிருந்தார். மரியசெல்வியின் கால் நின்றது. சொல்லாமல் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அவளைத் தடுத்து நிறுத்தியது நல்ல மனசா, நேற்று கேட்ட கேள்வியின் உறுத்தலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வலது பக்கம் ரெண்டு வெரல் போகுது. எடது ஒதுக்கிப் புடி."

இஃப்பத் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். வாரைத் தொங்கவிட்டே சுட்டாள்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, எது நல்லது என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கு அளவுகோல் தேவைப்பட்டது. மரியசெல்வியுடையது ஒரு மயிரிழை அதிக நெருக்கம், அவ்வளவுதான். "மரியசெல்வி போகட்டும். இஃப்பத்து, நீ மாற்று ஆளாக் கூடப் போ" என்றார். இஃப்பத் அட்டென்ஷனில் நின்று "சரிங்கய்யா" என்றாள். திரும்பி நடக்கும்போது மரியசெல்வியின் தோளை ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள். அது விளையாட்டா வேறெதுவுமா என்று மரியசெல்வி அன்று முழுக்க யோசித்தாள்.

போட்டி திருச்சிக்கு அந்தப் பக்கம் நடந்தது. பிரான்சிஸ் வேனை வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளையோடு வீட்டில் இருந்தான். முதல் நாள் மாலை போனில் லிடியா அழுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் நாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டில் எது அதிகம் வலித்தது என்று மரியசெல்வியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் முறை வந்தது. வாரை இறுக்கிப் படுத்தாள். கருப்பு சொன்னபடி கேட்டது. ஒன்று, இன்னொன்று, மற்றொன்று என்று எல்லாம் நடுவில். பக்கத்து வரிசைக்காரர்கள் அவள் தாளை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசிக்கு முந்தின குண்டில், மூச்சு முழுக்க அடங்கும் முன்பு, ஏனென்று தெரியாமல் அவள் விரல் குதிரையை இழுத்துவிட்டது. குண்டு வெளியேறிய அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாளைப் பார்க்க வேண்டியதில்லை. கீழே, வெளியே போயிருக்கும். போயும் இருந்தது.

கடைசிக் குண்டை நடுவில் வைத்துவிட்டு எழுந்தாள். நான்காவது இடம். மெடல் மூன்றுக்குத்தான்.

இஃப்பத் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். "என்னக்கா ஆச்சு? மறுபடியும் கட்டையா? வில்லு கழண்டுருச்சா?"

"இல்ல. துப்பாக்கி மேல ஒண்ணுமில்ல. நான்தான். மூச்சு அடங்குறதுக்குள்ள இழுத்துட்டேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. இஃப்பத்துக்கு அது விளங்கவில்லை. மெடல் போனவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று கூட வந்திருந்த மைதீன் பிச்சையைப் பார்த்தாள். அவருக்கும் விளங்கவில்லை. மரியசெல்வி தண்ணீரைக் குடித்து, மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டாள். இந்தத் தடவை எது பிசகியது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

திரும்பும்போது அய்யலூரில் வண்டி நின்றுவிட்டது. ஆட்டுச் சந்தை நாள். ரோட்டை அடைத்து ஆடுகள் போய்க்கொண்டிருந்தன, ஓட்டிப் போகிறவர்கள் அதட்டிக்கொண்டிருந்தார்கள். இஃப்பத் முன் சீட்டில் தூங்கிப் போயிருந்தாள். அவள் தலை சன்னலில் இடிக்காமல் இருக்க, மரியசெல்வி தன் தொப்பியை மடித்து இடையில் வைத்தாள். பிறகு பிரான்சிஸுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்க?"

"அய்யலூரு. ஆட்டுக்கு நடுவுல."

"ஜெயிச்சியா?"

"நாலாவது."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. அடுத்த தடவையும் போவேன். பாப்பாவத் தூங்க வச்சுறாதீங்க. செத்த நேரத்துல வந்துர்றேன்."